நீலப்புள்ளி ஏன் சானல்கரைக்குப் போனது?

கைப்பேசி கேள்வி – பதில்

கைப்பேசியில் வழி பார்ப்பதிலும் மின்னஞ்சல் அனுப்புவதிலும் வாசகர்களுக்கு ஏற்படும் சங்கடங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. மலையும் ரப்பர்த் தோட்டமும் சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயும் கடலும் மாநில எல்லையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஒரு சிறிய மாவட்டத்தில் வழி பற்றிய ஐயங்கள் மிகுதியாக எழுவதில் வியப்பில்லை. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லாருடைய பெயர்களையும் விட்டுவிட்டு, ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: நான் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு மாதத்தில் சில நாள்கள் போக வேண்டியிருக்கும். பாதி வழியிலேயே சிக்னல் போய்விடுகிறது. ஆனால் வரைபடத்தில் நான் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைச் சுற்றிச் சாலையும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் சாம்பல் நிறம்தான். சிக்னல் இல்லாதபோது புள்ளி எப்படி நகர்கிறது? அதை நம்பலாமா?
– குலசேகரம்

பதில்: நம்பலாம், அம்மா. புள்ளியும் வரைபடமும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை என்பதை முதலில் பிரித்துப் பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புள்ளி வானத்திலிருந்து வருகிறது. வரைபடம் இணையத்திலிருந்து வருகிறது. பேச்சிப்பாறையில் உங்களுக்கு இல்லாமற்போனது இரண்டாவது மட்டுமே.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு கோளின் அறிவிப்பு தலைக்கு நேர் மேலிருந்து வந்துசேர ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்தால் தூரம் தெரியும்; மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். ஆனால் கோள்களில் இருப்பது அணுக் கடிகாரம், உங்கள் கையில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிப்போகும் என்பதால், அந்தப் பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது. இப்போதைய கைப்பேசிகள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும், சில கைப்பேசிகள் நம் நாட்டின் நாவிக் கோள்களையும் சேர்த்தே கேட்கின்றன.

இதில் செல்போன் கோபுரத்துக்கு ஒரு சிறிய வேலை உண்டு. எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது இணையம் வழியாக உடனே தந்துவிடுவதால், ஊருக்குள் இருக்கும்போது புள்ளி சட்டென்று வந்து நிற்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியை அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால், அந்தப் பட்டியலைக் கோள்களிடமிருந்தே மெதுவாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்; புள்ளி வர ஒன்றிரண்டு நிமிடங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். எனவே குலசேகரத்தில் இருக்கும்போதே இருப்பிட வசதியை இயக்கி, புள்ளி சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

இனி வரைபடம். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வீட்டில் இணையம் இருக்கும்போது செயலியின் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற பகுதிக்குள் போய், சட்டத்துக்குள் குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு எல்லாம் அடங்கும்படி நகர்த்தி இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கி வைத்ததற்குக் காலாவதி உண்டு. அவ்வப்போது வைஃபை கிடைக்கும் இடத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு குறை இருக்கிறது, அது உங்களுக்கு முக்கியமானது: இறக்கி வைத்த வரைபடத்தில் வாகனத்துக்கான வழி கிடைக்குமேயன்றி நடைவழி கிடைக்காது. வண்டியை விட்டு இறங்கிக் குடியிருப்புக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதைக்கு அது உதவாது. முதல் முறை போகும்போது, பாதை பிரியும் இடத்தில் நின்று வரைபடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, அங்கே ஒரு குறியை இட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை அந்தக் குறியும் நீலப்புள்ளியும் மட்டும் இருந்தாலே போதும், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

ரப்பர் மரங்களுக்கு அடியில் புள்ளி துள்ளுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடர்ந்த இலைத்திரள், அதுவும் மழையில் நனைந்தது, கோள்களின் மெல்லிய அலையை மேலும் மெலியச் செய்யும். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் கணக்கைக் குழப்பும். கொஞ்சம் திறந்த இடத்துக்கு வந்து, அரை நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால் அடங்கிவிடும்.

கேள்வி: இரணியலிலிருந்து மேக்காமண்டபம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெண்வீட்டாரை ஏற்றிக்கொண்டு வேனில் புறப்பட்டோம். அழைப்பிதழில் அச்சிட்டிருந்த கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து, கைப்பேசி சொன்ன வழியிலேயே போனோம். அது எங்களைச் சானல்கரைக்குக் கொண்டுபோய், தண்ணீருக்கு அக்கரையில் மண்டபத்தின் பின்சுவர் தெரியும் இடத்தில் நிறுத்தி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. முகூர்த்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்தான் உள்ளே நுழைந்தோம். குற்றம் யாருடையது, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், இரணியல்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவட்டாற்றிலிருந்து இரவில் திரும்பி வரும்போது நானும் காரோடு ஒரு சானல்கரையில் அகப்பட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழைத்தோட்டத்தின் பள்ளம், எதிரே கரை இடிந்து கிடக்கிறது. என் மைத்துனர் பின்னால் டார்ச் விளக்குடன் நடக்க, அரைக் கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே ஓட்டி வந்தேன். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

குற்றம் இரண்டாகப் பிரிகிறது. பின்சுவரில் கொண்டுபோய் நிறுத்தியதற்குப் பொறுப்பு அழைப்பிதழுக்குக் குறி எடுத்துக் கொடுத்தவருடையது. குறியை மண்டபக் கூரையின் நடுவில் வைத்தால், அந்தக் கூரைக்கு எந்தச் சாலை மிக அருகில் இருக்கிறதோ அங்கேதான் வழி முடியும். அருகில் இருப்பது சானல்கரையாக இருந்தால், இடையில் தண்ணீர் இருப்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. குறியை மண்டபத்தின் வாசற்படியில், வண்டி நிற்கும் சாலையின் மேல் வைக்க வேண்டும். மண்டபத்தின் வாசலில் நின்று கைப்பேசியில் எடுத்த குறியே எல்லாவற்றிலும் நல்லது.

சானல்கரைக்குள் நுழைந்ததற்குக் காரணம் வேறு. வழி சொல்லும் செயலிக்குச் சாலை என்பது ஒரு கோடு. சந்திப்பு என்பது ஒரு முடிச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் அதைக் கடக்க ஆகும் நேரம் ஓர் எண். புறப்படும் முடிச்சிலிருந்து சேரும் முடிச்சு வரை கூட்டுத்தொகை எதில் குறைவோ அதை எடுத்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. வேனின் அகலம் அதற்குத் தெரியாது. அனந்தனாறு சானல், பட்டணங்கால், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று கால்வாய்கள் பின்னிக் கிடக்கும் நம் மாவட்டத்தில், கரைகளின் மேல் பைக்குகள் எந்தத் தடையுமின்றிப் பறந்துகொண்டிருப்பதால் அந்தக் கோடுகள் வேகமான சாலைகளாக அதற்குத் தோன்றுகின்றன என்பது என் ஊகம். தேசிய நெடுஞ்சாலையில் மார்த்தாண்டம், தக்கலை, பார்வதிபுரம் ஆகிய இடங்களில் வண்டிகள் தேங்கி நிற்கும் மாலை நேரத்தில் சானல்கரையின் கவர்ச்சி இன்னும் கூடிவிடுகிறது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். புறப்படும் முன், "தொடங்கு" என்ற பொத்தானை அழுத்தாமல், காட்டிய வழி முழுவதையும் விரல்களால் விரித்துப் பார்க்கிறேன். வழிக்கோடு ஒரு நீலநிறக் கோட்டை ஒட்டியே நெடுந்தூரம் வளைந்து வளைந்து போனால் அது சானல்கரை, சந்தேகமே வேண்டாம். அப்போது, எனக்குத் தெரிந்த பெரிய சந்திப்பு ஒன்றை இடை நிறுத்தமாகச் சேர்த்துவிடுகிறேன். உங்கள் பயணத்தில் அழகியமண்டபம் சந்திப்பைச் சேர்த்திருந்தால் வேன் சாலையை விட்டு விலகியிருக்காது. மேலும் வாகனத்தின் வகை பைக்காக இருக்கிறதா, காராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் நம் நாட்டில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி வந்தது. அன்றாடம் பைக்கில் போகிறவரின் கைப்பேசியில் அந்தத் தேர்வே நிலைத்து நிற்கும். வேன் ஓட்டுநரின் கைப்பேசி யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை.

அழைப்பிதழில் கியூஆர் கட்டத்துக்குக் கீழே பழையபடி ஒரு வரி இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்களில் வழி சொல்வது மரத்தின் மூடு, அதாவது அடிமரம், அதை வைத்துத்தானே நடந்திருக்கிறது. நாகர்கோவிலின் வேப்பமூடும் எல்லையோரத்துப் பனச்சமூடும் அப்படித்தான் பெயர் பெற்றன. "அழகியமண்டபத்திலிருந்து வரும்போது பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம்" என்று எழுதியிருந்தால் நீங்கள் தாலி கட்டுவதைப் பதற்றமில்லாமல் பார்த்திருக்கலாம்.

கேள்வி: என் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியில் அவர் சேமித்து வைத்திருக்கும் பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) இடத்தை என் கைப்பேசியில் அடித்துப் பார்த்தால் பல மைல் தள்ளிக் காட்டுகிறது. கருவி தவறா, கைப்பேசி தவறா? கைப்பேசியையே படகில் கொண்டுபோகலாமா?
– குளச்சல்

பதில்: நீங்கள் அந்த எண்களையும் எழுதி அனுப்பியிருந்தீர்கள், தம்பி. மீன் கிடைக்கும் பாரின் இடத்தை அச்சில் போட்டால் உங்கள் அப்பா என்னை மன்னிக்க மாட்டார்; எனவே அதை விட்டுவிட்டு வேறோர் எண்ணை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டும் தவறில்லை. இரண்டும் ஒரே இடத்தை வெவ்வேறு முறையில் எழுதுகின்றன. படகுக் கருவி பெரும்பாலும் பாகையையும் (டிகிரி) கலையையும் (மினிட்) காட்டும். அதாவது 7 பாகை 45.6 கலை வடக்கு என்று. ஒரு பாகைக்கு 60 கலை. கைப்பேசியோ கலை என்ற பேச்சே இல்லாமல் பாகையைப் பதின்ம எண்ணில் கேட்கிறது. நீங்கள் 7.456 என்று அடித்திருப்பீர்கள். அடிக்க வேண்டியது, 45.6-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் 0.76-ஐச் சேர்த்து, 7.76. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.304 பாகை. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால் நீங்கள் தெற்கே 34 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள். கிழக்குப் பக்க எண்ணையும் இப்படியே மாற்ற வேண்டும். வடக்கு–தெற்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்பது உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்; அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருவியின் அமைப்புப் பகுதியிலேயே எண்ணைக் காட்டும் முறையை மாற்றலாம்தான். ஆனால் பழகிய கருவியில் கைவைக்க வேண்டாம். இரவில் அவசரத்தில் பார்க்கும்போது அவர் குழம்பிப்போவார்.

கைப்பேசியைக் கொண்டுபோகலாம், கருவிக்குத் துணையாக மட்டும். முன்பு சொன்னபடி புள்ளி நடுக்கடலிலும் வேலை செய்யும். ஆனால் அதைச் சுற்றி வெறும் நீலமே இருக்கும். ஆழமும் தெரியாது, பாறையும் தெரியாது. மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இடம் குறித்த மூத்தவர்களின் கணக்கிலாவது கரை தெரிந்தது. இதில் அதுவும் இல்லை. உப்புத்தண்ணீர் பட்டால் தொடுதிரை விரலுக்கு அடங்காது. கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் கோபுரத்தின் சிக்னலும் இருக்காது என்பதால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக்கூட அழைக்க முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து செய்தி சொல்ல வழியில்லாமற்போனதை நம் கடற்கரை ஊர்கள் மறக்கவில்லை. செயற்கைக்கோள் வழியாக ஆபத்தை அறிவிக்கும் கருவி படகில் இருக்கட்டும். கைப்பேசி நீர் புகாத பையில் இருக்கட்டும்.

கேள்வி: பைக் ஓட்டும்போது கைப்பேசியில் வழி பார்த்தால் போலீஸ் அபராதம் போடலாமா?
– செட்டிகுளம், நாகர்கோவில்

பதில்: 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி பார்ப்பதற்காக மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த இடம் தருகிறது. பேசுவதற்கும் செய்தி அடிப்பதற்கும் அந்தச் சலுகை இல்லை. கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, குரலை மட்டும் கேட்டு ஓட்டுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: விலை உயர்ந்த கைப்பேசியின் கேமராவுக்குள் அசைந்துகொடுக்கும் நுண்ணிய உறுப்பு உண்டு, பைக்கின் அதிர்வு நெடுநாள் பட்டால் அது கெட்டுப்போகலாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அந்தக் குரல் தக்கலையைத் "துக்கலே" என்கிறது. குளச்சலையும் ஏதோ வெளிநாட்டு ஊர்போலச் சொல்கிறது. சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.
– தக்கலை

பதில்: அது ஆங்கில எழுத்தைப் படிக்கிறது, அந்த எழுத்துகள் பழைய காலத்துக் காதுகளுக்கு எட்டியபடி எழுதப்பட்டவை. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். செயலியின் அமைப்பில் வழிகாட்டும் குரலின் மொழியைத் தமிழாக மாற்றிப் பாருங்கள், பெருமளவு சரியாகிவிடும். தேடும்போதும் தமிழிலேயே அடிக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு முகவரியில் விளையின் (தோட்டக் குடியிருப்பின்) பெயர்தான் இருக்கிறது, தெருவும் இல்லை, எண்ணும் உருப்படியாக இல்லை. அதே பெயரில் இன்னும் இரண்டு விளைகள் இருப்பதால், பார்சல் கொண்டுவரும் பையன்கள் ஒவ்வொரு முறையும் அலைகிறார்கள்.
– கருங்கல்

பதில்: 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமான ஆறிலக்க அஞ்சல் குறியீடு நம் மாவட்டத்துக்கு 629 என்று தொடங்குகிறது, அது உங்கள் அஞ்சலகம் வரைதான் கொண்டுவந்து விடும். வீட்டு வாசல் வரை கொண்டுவர, அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டிருக்கிறது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பார்சல் பையன் அதைப் பயன்படுத்துவாரா என்பது வேறு விஷயம். இப்போதைக்கு, உங்கள் வாசலில் நின்று குறியை எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். யார் அழைத்தாலும் அதை அப்படியே தள்ளிவிடலாம். "நேரலை இருப்பிடம்" என்பதை அனுப்பிவிடாதீர்கள். அது வீட்டைக் காட்டாது, உங்களைக் காட்டும். நீங்கள் சந்தைக்குப் போனால் பையனும் சந்தைக்கு வருவார்.

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக எட்டுச் சான்றிதழ்களைக் கைப்பேசியில் படமெடுத்து, கடைசி நாள் இரவில் மின்னஞ்சலில் அனுப்பினேன். "கோப்பைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அனுப்பியது நான், அனுமதி அவர்களுக்கு எதற்கு?
– திங்கள்சந்தை

பதில்: நீங்கள் சான்றிதழ்களை அனுப்பவில்லை, சான்றிதழ்கள் இருக்கும் அலமாரியின் முகவரியை அனுப்பியிருக்கிறீர்கள், சாவியைக் கொடுக்கவில்லை. ஜிமெயிலில் ஒரு கடிதத்தோடு இணைக்கக்கூடிய அளவு 25 எம்பி. இப்போதைய கேமராவில் ஒரு படம் நான்கைந்து எம்பி ஆகிவிடுவதால் எட்டுப் படங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் கோப்புகள் உங்கள் கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டு, அவற்றுக்கான இணைப்பு மட்டும் கடிதத்தில் போகும். அந்த இணைப்பை யார் திறக்கலாம் என்று கேட்கும் சிறிய கட்டத்தை அவசரத்தில் பலரும் படிக்காமலே தள்ளிவிடுகிறோம்.

25 எம்பி என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். மின்னஞ்சல் வெறும் ஆங்கில எழுத்துகளைச் சுமப்பதற்காகப் பிறந்தது. இன்றைக்கும் படத்தையோ கோப்பையோ இணைத்தால், மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதித்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. தோவாளையில் பூவை ஈர இலையோடு பொதிந்து கட்டினால் பொதியின் எடை கூடுவதுபோல, கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பெறுகிறவர்களின் பக்கத்து வரம்பு இன்னும் குறைவாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை படமாக எடுக்காதீர்கள். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் என்ற வசதி இருக்கிறது. சான்றிதழைப் பகல் வெளிச்சத்தில், கருநிறத் துணியின் மேல் விரித்து வைத்து எடுத்தால், ஓரங்களைத் தானே வெட்டி, எட்டுப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடும். அது பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கும். அனுப்பிய பின் ஒரு காரியம் செய்யுங்கள்: அனுப்பியவை என்ற பெட்டிக்குள் கடிதம் வந்துவிட்டதா என்று பாருங்கள். இணையம் மெலிந்திருக்கும் இடத்தில் "அனுப்பு" பொத்தானை அழுத்தியதும் கடிதம் திரையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அது அவுட்பாக்ஸில் வரிசையில் காத்துக்கிடக்கும், காலையில் நீங்கள் வைஃபையைப் போடும்போதுதான் உண்மையில் கிளம்பும். அதற்குள் கடைசி நாள் முடிந்திருக்கும். உங்களுக்கு வந்த பதிலில் நீங்கள் அனுப்பிய தேதி இருந்தால், அதைக் காட்டிக் கல்லூரியில் நேரில் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் உரிய நாளில் வந்ததாக அவர்களுடைய பெட்டியே சொல்லும்.

கேள்வி: தேன் வியாபாரம் செய்கிறேன். பாட்டில் அனுப்புகிறவர்களிடமிருந்து, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று அவர்கள் பெயரிலேயே மின்னஞ்சல் வந்தது. பணத்தையும் அனுப்பிவிட்டேன். அவர்களோ அப்படி எதுவும் எழுதவில்லை என்கிறார்கள்.
– மார்த்தாண்டம்

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியே எழுதிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன்: பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும் முன் தடுத்து நிறுத்த அந்த முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது.

இந்த ஏமாற்று கணினியைவிடக் கைப்பேசியில் எளிதாகப் பலிக்கிறது. திரை சிறியது என்பதால் மின்னஞ்சல் செயலி அனுப்பியவரின் பெயரை மட்டும் காட்டி, முகவரியை மறைத்து வைக்கிறது. பெயர் என்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடியது. பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் முகவரி விரியும். அதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். சிறிய ஆங்கில எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். இதை வைத்தே பலர் ஏமாந்திருக்கிறார்கள். சில வேளை முகவரியும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் திருடன் அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே நுழைந்திருப்பான். எனவே கணக்கு எண் மாறியது என்று யார் எழுதினாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அழைத்து, பழகிய குரலைக் கேட்ட பிறகு பணம் அனுப்புங்கள். மின்னஞ்சலிலேயே கொடுத்திருக்கும் எண்ணை அழைத்தால் திருடனே எடுத்து "ஆமாம் அண்ணாச்சி" என்பான்.

கேள்வி: மகன் மஸ்கட்டில் இருக்கிறான். என் மின்னஞ்சல் கணக்கை அவன்தான் அவனுடைய நம் நாட்டு எண்ணை வைத்து உண்டாக்கிக் கொடுத்தான். இப்போது புதுக் கைப்பேசி வாங்கியதும் கடவுச்சொல் கேட்கிறது. ஓடிபி அவனுடைய பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது இல்லை.
– களியக்காவிளை

பதில்: பழைய கைப்பேசியை விற்றுவிடவில்லையே, அம்மா? அதில் கணக்கு இன்னும் திறந்திருந்தால் எல்லாம் எளிது. அதை வைஃபையில் இணைத்து, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும் மீட்பு மின்னஞ்சலாக மகனுடைய முகவரியையும் சேர்த்துவிடுங்கள். அங்கேயே காப்புக் குறியீடுகள் என்று எட்டிலக்க எண்கள் பத்து கிடைக்கும். தாளில் எழுதி ரேஷன் அட்டையோடு வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் பயன்படும், ஆனால் அதற்குச் சிக்னலும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பழைய கைப்பேசி இல்லையென்றால், நீங்கள் வழக்கமாக இருக்கும் வீட்டிலிருந்தே, வழக்கமான வைஃபையிலேயே மீட்பு முயற்சியைச் செய்யுங்கள். பழகிய இடத்திலிருந்து கேட்பதற்குக் கூகுள் சற்று மதிப்புக் கொடுக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கலை நிறையப் பார்க்கிறேன். 90 நாள்கள் பயன்படுத்தாமல், இருப்பும் இல்லாமல் கிடக்கும் சிம் செயலிழந்துபோகும். பின்பு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். அப்போது உங்கள் ஓடிபி யாரோ ஒருவரின் கைப்பேசியில் ஒலிக்கும். மகன் ஊருக்கு வந்து போகும்போது, விமானம் ஏறும் முன் அவனை உட்கார வைத்து இந்த ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பழம்பொரியும் சாயாவும் கொடுத்தால் செய்யாமல் போகமாட்டான்.